தரை ஆமைக்கு வீட்டுக்குள் நல்ல வாழிடம் அமைக்கும் முறை

நான் முதன்முதலாக வளர்த்த ஹெர்மன் ஆமை, பெட்டிக்கு வந்த இரண்டாவது வாரத்தில் விளக்கின் அடிக்குச் செல்வதையே நிறுத்திவிட்டது. பெட்டியின் பக்கச் சுவரில் ஒட்டியிருந்த வெப்பமானி 29 டிகிரி செல்சியஸ் காட்டிக்கொண்டிருந்ததால், வெப்பம் போதவில்லை என்று எண்ணி விளக்கை இன்னும் சற்றுத் தாழ்த்தித் தொங்கவிட்டேன். ஆமையோ எதிர்மூலைக்கு ஒதுங்கி, தலையை உள்ளிழுத்துக்கொண்டு, உணவைத் தொடாமல் கிடந்தது. இரண்டு நாள் கழித்து, ஆமையின் முதுகு எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்தில் விளக்கின் நேர் கீழே ஒரு கல்லை வைத்து, அதன்மேல் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 47 டிகிரி இருந்தது. நான் தாழ்த்திய விளக்கின் அடி, ஆமை நிழல் தேடி விலகி ஓட வேண்டிய இடமாகியிருந்தது.

அன்று முதல் நான் கடைப்பிடித்துவரும் விதியே இங்கே சொல்லப்போகும் அனைத்துக்கும் அடிப்படை. ஆமையின் வாழிடத்தில் எதை அளந்தாலும் அதன் ஓட்டின் உயரத்தில், அது உண்மையில் நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும். பெட்டி முழுவதையும் ஒரே வெப்பத்திலும் ஒரே ஈரத்திலும் வைக்க முயலாமல், சூடான இடம், குளிர்ந்த இடம், வெளிச்சம், இருட்டு, உலர்ந்த மண், ஈர மண் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் தர வேண்டும். ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரினம் அன்று. செரிமானமும் நோய் எதிர்ப்பும் ஓட்டின் வளர்ச்சியும், அது எங்கே போய் நிற்க முடிகிறது என்பதைப் பொறுத்தே நடக்கின்றன.

முதலில் இனத்தை அறிதல்

எந்த இன ஆமை என்பது உறுதியாகத் தெரியாமல் பலகை வாங்கக்கூடப் போக வேண்டாம். ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமை, ரஷ்ய ஆமை ஆகியவை பெரும்பாலும் 15 முதல் 25 செ.மீ. நீளத்துக்குள் நிற்பவை, வறண்ட கோடையும் குளிர்ந்த இரவும் உள்ள நிலங்களைச் சேர்ந்தவை. தென் அமெரிக்காவின் செங்கால் ஆமை காட்டு ஈரத்துக்குப் பழகியது. ஏறத்தாழ 30 முதல் 35 செ.மீ. வரை வளரும். இவ்விரு வகைக்கும் ஒரே மண்ணும் ஒரே ஈரமும் பொருந்தா. சல்கேட்டா எனப்படும் ஆப்பிரிக்க ஆமையின் குஞ்சு உள்ளங்கையில் அடங்கும் அழகுடன் விற்கப்படுகிறது. ஆனால் ஆண் ஆமை 40 கிலோவைத் தாண்டி வளரும் என்பதால், அதற்கு நிலையான வீட்டுக்குள் வாழிடம் என்று ஒன்று கிடையாது. குஞ்சாக இருக்கும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே அதை உள்ளே வைக்க முடியும் என்பதை வாங்கும் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தரை ஆமைக் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின்கீழ் வருகிறது. நட்சத்திர ஆமை 2019-இல் அவ்வொப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. எனவே வளர்க்க அனுமதி உண்டா, ஆமை காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதா, வளர்ப்பில் பொரித்ததா என்பவற்றை ஆவணத்துடன் உறுதிசெய்துகொள்வது முதல் வேலை. இதில் எனக்குச் சமரசம் இல்லை. காட்டிலிருந்து பறிக்கப்பட்ட ஆமைக்கு எவ்வளவு நல்ல பெட்டி கட்டினாலும் அது ஈடாகாது. ஆயுளையும் நினைவில் கொள்ள வேண்டும். செயின்ட் எலினா தீவில் வாழும் ஜோனத்தன் என்ற ஆமை 1882-இல் அங்கே கொண்டுவரப்பட்டபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்தது. அது பெரும் இனம் என்றாலும், சிறிய இனங்களும் நல்ல பராமரிப்பில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவை.

பெட்டி

கடைகளில் ஆமைக்கென்று பெரும்பாலும் காட்டப்படுவது கண்ணாடித் தொட்டி. அதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆமைக்குக் கண்ணாடி என்பது தடையாகப் புரிவதில்லை. மறுபக்கம் தெரிகிறது, ஆனால் போக முடியவில்லை. அதனால் நாள் முழுவதும் முன்கால்களால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே பக்கவாட்டில் நடந்து களைத்துப்போகும். காற்றோட்டமும் குறைவு, சிறிய தொட்டியில் வெப்பம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் பரவி, குளிர்ந்த இடமே இல்லாமல் போய்விடும். அதற்குப் பதிலாக, மேற்புறம் திறந்த, ஆழமான மரப்பெட்டியே பெரும்பாலான உலர்நில இனங்களுக்கு ஏற்றது. பழைய புத்தக அலமாரி ஒன்றின் தட்டுகளைக் கழற்றி, மல்லாத்திக் கிடத்தினாலே நல்ல தொடக்கம் கிடைத்துவிடும். உட்புறத்துக்கு நச்சில்லாத நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, வாசனை முற்றிலும் போகும் வரை பல நாள் காயவிட வேண்டும். அல்லது குளத்துக்கு விரிக்கும் கனத்த ரப்பர் விரிப்பைப் பக்கங்களில் ஒரு சாண் உயரம் ஏறும்படி உள்ளே விரிக்கலாம். குஞ்சுகளுக்கும் செங்கால் ஆமை போன்ற ஈர இனங்களுக்கும் மட்டும், ஈரம் தங்குவதற்காக மூடியுடன் கூடிய பெட்டி தேவைப்படும். அதிலும் பக்கங்கள் ஒளி ஊடுருவாதவையாக இருப்பது நல்லது.

ஆமை வேகம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டதால், இதற்கு நடக்க இடமே வேண்டியதில்லை என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் உடல் சூடேறிய ஆமை ஓயாமல் நடக்கும் உயிரினம். மேய்ச்சலே அதன் வாழ்க்கை. குஞ்சுக்கு 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் போதும். வளர்ந்த ஹெர்மன் அல்லது ரஷ்ய ஆமைக்கு 240-க்கு 120 செ.மீ. என்பதை நோக்கமாகக் கொள்ள வேண்டும்; இடமே இல்லாத வீட்டில் 180-க்கு 90 செ.மீ. என்பதற்குக் கீழே இறங்கலாகாது என்பது என் கருத்து. நீளம் கிடைக்கவில்லை என்றால் வெப்பப் படிநிலையும் கிடைக்காது. மற்ற எந்தக் கருவியாலும் அந்தக் குறையை ஈடுசெய்ய முடியாது.

சுவர் மண் மட்டத்துக்கு மேல் 40 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். மூலைகளில் தனிக் கவனம் தேவை. ஆமைகள் ஏறுவது மூலையில்தான். இரண்டு சுவர்களிலும் இரு முன்கால்களையும் பதித்து, பின்கால்களை உந்தி, உடலைச் செங்குத்தாக நிமிர்த்தி, ஒரு கணம் அப்படியே நின்று, பின்பு மெதுவாகப் பின்னோக்கிச் சாய்ந்து மல்லாந்துவிடும். நுரையீரல் ஓட்டின் உட்புறத்தை ஒட்டி மேலே இருப்பதால், மல்லாந்த ஆமையின் மீது அதன் உள்ளுறுப்புகளே அழுத்துகின்றன. விளக்கின் அடியில் அப்படி விழுந்தால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். ஆகவே மூலைகளைச் சரிவான பலகை கொண்டு மழுங்கடித்து, வெப்ப விளக்கை எந்த மூலைக்கும் மேலே அமைக்காமல், சற்றுத் தள்ளியே அமைக்க வேண்டும். விளக்கின் கீழுள்ள தரை சமமாக இருக்கட்டும்.

வெப்பம்

பெட்டியின் ஒரு முனையில் வெயில் காயும் இடம், மறுமுனையில் நிழல். வெயில் காயும் இடத்தில் ஓட்டின் உச்சி உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 20 முதல் 24 டிகிரி என்பது உலர்நில இனங்களுக்கான பொதுவான அளவு. அகலமாக ஒளி பரப்பும் ஹாலோஜன் பல்பு இதற்கு மிகப் பொருத்தமானது. ஒரே புள்ளியில் குவியும் விளக்கு ஆமையின் முதுகின் நடுப்பகுதியை மட்டும் சுட்டுக் காய்ச்சிவிட்டு, கால்களைக் குளிராகவே விட்டுவிடும். உடல் சூடேறவில்லையே என்று ஆமையும் அங்கேயே நிற்கும். காயும் பரப்பு ஆமையின் முழு உடலையும் விடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு பல்பு போதவில்லை என்றால், குறைந்த திறனுள்ள இரண்டு பல்புகளை அருகருகே வைப்பது, ஒரு பெரிய பல்பை வைப்பதைவிடச் சிறந்தது.

விளக்கின் அடியில் தட்டையான கற்பலகை ஒன்றை வைத்தால், அது வெப்பத்தை வாங்கிவைத்துக்கொண்டு ஆமையின் அடிவயிற்றுக்கும் மென்மையாகத் தரும். ஆனால் மின்சாரத்தால் சூடாகும் கல்லையும், தரைக்கு அடியில் விரிக்கும் சூட்டு விரிப்பையும் பயன்படுத்த வேண்டாம். ஆமையைப் பொறுத்தவரை வெப்பம் மேலிருந்து வருவது. வெப்பத்திலிருந்து தப்பிக்க அது செய்வதும் மண்ணைத் தோண்டிக் கீழே போவதுதான். கீழிருந்தே சூடு வரும் இடத்தில் அது தோண்டத் தோண்ட மேலும் சூடாகும். அடிப்புற ஓடு வெந்துபோகும் வரையிலும் அது நகராமல் இருந்துவிடலாம்.

இரவில் விளக்குகள் அனைத்தும் அணைந்துவிட வேண்டும். சிவப்பு விளக்கு ஆமைக்குத் தெரியாது என்பது தவறு. அதன் கண்கள் நிறங்களை நன்றாகவே பிரித்தறிகின்றன. நல்ல உடல்நலத்துடன் உள்ள உலர்நில ஆமைக்கு இரவு வெப்பம் 15 முதல் 18 டிகிரி வரை இறங்கினாலும் தீங்கில்லை. பகல் இரவு வேறுபாடு அதற்கு நன்மையே. குஞ்சுகளுக்கும் வெப்பமண்டல இனங்களுக்கும் 22 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பானது. வீடு அதைவிடக் குளிரும் என்றால், ஒளி தராத செராமிக் ஹீட்டரை, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்துப் பொருத்தலாம். அதைப் பீங்கான் ஹோல்டரில் மட்டுமே மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். எந்த விளக்கையும் அதன் கிளிப்பை மட்டும் நம்பி விடாமல், கூடுதலாக ஒரு சங்கிலியாலும் கட்டித் தொங்கவிட வேண்டும். உலர்ந்த மண்ணும் மரப்பட்டையும் நிறைந்த பெட்டிக்குள் ஒரு சூடான பல்பு விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

புற ஊதா ஒளி

வெப்பத்தைக் கவனமாக அமைப்பவர்கள்கூட இங்கே தவறிவிடுகிறார்கள். ஏனென்றால் இந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. 280 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா-பி கதிர் தோலில் படும்போதுதான் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்குகிறது. அது இல்லாமல், உண்ணும் சுண்ணச்சத்து எலும்பில் சேராது. ஓடு என்பதே உயிருள்ள எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதனோடு இணைந்திருக்கின்றன. எனவே இந்தக் குறை முதலில் ஓட்டின் மென்மையாகவும், பிறகு வளைந்த தாடையாகவும், நடக்க முடியாத கால்களாகவும் வெளிப்படும். அந்நிலை வந்தபின் உருக்குலைந்த எலும்பு பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை.

சன்னல் ஓரத்தில் பெட்டியை வைத்தால் வெயில் படுமே என்று பலர் கேட்கிறார்கள். சன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டுமே. அந்தச் சூடும் கட்டுக்குள் நிற்காது. ஆகவே ஊர்வனவற்றுக்கென்று விற்கப்படும் நீளமான டி5 டியூப் விளக்கை, அதன் பிரதிபலிப்பானுடன் சேர்த்து வாங்க வேண்டும். வெயில்நில இனங்களுக்குப் புற ஊதா-பி 10 முதல் 12 சதவீதம் என்று குறிக்கப்பட்டதும், காட்டு இனங்களுக்கு 5 முதல் 6 சதவீதம் என்று குறிக்கப்பட்டதும் பொருந்தும். டியூபின் நீளம் பெட்டியின் நீளத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே இருக்கட்டும். மீதிப் பகுதி நிழலாக இருக்க வேண்டும்.

வலுவான டியூபுக்கும் ஆமையின் ஓட்டுக்கும் இடையே பெரும்பாலும் 30 முதல் 45 செ.மீ. தூரம் தேவைப்படும், அட்டையில் தயாரிப்பாளர் தந்துள்ள தூரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கவே கூடாது. கம்பிவலைகூடக் கதிரின் கணிசமான பங்கை விழுங்கிவிடும். விளக்கை நேர் மேலேதான் அமைக்க வேண்டும், பக்கவாட்டில் அமைக்கக் கூடாது. ஆமையின் புருவமேடு மேலிருந்து வரும் ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும். பக்கத்திலிருந்து வரும் கதிர் நேரே கண்ணில் பட்டு வீக்கத்தை உண்டாக்கும்.

இந்த டியூபும் வெப்ப விளக்கும் ஒரே முனையில், ஒன்றையொன்று ஒட்டி இருப்பது அவசியம். கதிர் பட்டுத் தோலில் உருவாகும் மூலப்பொருள் வைட்டமின் டி3-ஆக மாறுவதற்கு உடல் வெப்பமும் வேண்டும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரியும்படி இரண்டையும் ஒரே டைமரில் இணைத்துவிட்டால், நம் வேலை நேரம் ஆமையின் விடியலை மாற்றாது. டியூப் எத்தனை பளிச்சென்று எரிந்தாலும் அதன் புற ஊதா வலிமை மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும். பொருத்திய தேதியை அதன் முனையில் எழுதி ஒட்டி, ஓராண்டு ஆனதும் மாற்றிவிட வேண்டும். புற ஊதா அளவுமானி ஒன்று வாங்க முடிந்தால், வெயில் காயும் இடத்தில் ஓட்டின் உயரத்தில் குறியீட்டெண் 3 முதல் 5 வரை இருக்கும்படி விளக்கின் உயரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

மண்ணும் ஈரமும்

நெடுங்காலம் ஆமைகளை உலர்ந்த செய்தித்தாளின் மேலும் வைக்கோல் உருண்டைகளின் மேலும் வளர்த்தார்கள். ஓடு சமமாக வளராமல், ஒவ்வொரு தகடும் தனித்தனிக் கூம்பாக உயர்ந்து நின்றபோது, புரதம் மிகுந்த உணவைக் குறை கூறினார்கள். சல்கேட்டா குஞ்சுகளை வைத்து நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வு இந்த எண்ணத்தை மாற்றியது. வறண்ட காற்றில் வளர்ந்த குஞ்சுகளுக்கே கூம்புகள் பெரிதாக வளர்ந்தன. புரதத்தின் பங்கு சிறிதாகவே இருந்தது. காட்டை நினைத்துப் பார்த்தால் இது புரியும். வறண்ட நிலத்தில் வாழும் ஆமையின் குஞ்சும் வெட்டவெளியில் திரிவதில்லை. புதர்வேரின் அடியிலும், வளைக்குள்ளும், மண்ணின் ஈரம் தங்கும் பொந்துகளிலுமே தன் முதல் ஆண்டுகளைக் கழிக்கிறது. ரஷ்ய ஆமை வளர்ந்த பின்னும் ஆண்டின் பெரும்பகுதியைத் தான் தோண்டிய வளைக்குள்தான் கழிக்கிறது.

ஆகையால் தோண்டக்கூடிய, ஈரத்தைப் பிடித்துவைக்கக்கூடிய மண் வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் கலக்காத தோட்ட மண்ணுடன், கழுவிய மணலை மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் கலப்பது உலர்நில இனங்களுக்கு நல்லது. காட்டு இனங்களுக்கு அந்த மண்ணுடன் தென்னை நார்த்தூளையும் ஆர்க்கிட் செடிக்கான மரப்பட்டைத் துண்டுகளையும் சேர்க்கலாம். தென்னை நார்த்தூளை மட்டும் தனியே விரித்தால் மேற்பரப்பு விரைவில் காய்ந்து தூசி பறக்கும். அது கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். தேவதாரு, பைன் மரச்சீவல்களின் எண்ணெய் நச்சுத்தன்மை உடையது. நொறுக்கிய கொட்டை ஓடும், மக்காச்சோளக் கதிர்த்துண்டும், சுண்ணமணல் என்று விற்கப்படுவதும் விழுங்கப்பட்டுக் குடலை அடைத்துவிடும். ஆழத்தைப் பொறுத்தவரை, குஞ்சுக்கு 8 செ.மீ., வளர்ந்த ஆமைக்கு அதன் ஓட்டின் நீளத்துக்குச் சமமான ஆழம் இருந்தால், அது தன்னை முழுவதும் புதைத்துக்கொள்ள முடியும்.

ஈரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் கைப்பழக்கம் தேவைப்படுகிறது. மேலே தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் மேல்மண் நனைந்தும் அடிமண் காய்ந்தும் போகும். நனைந்த மேற்பரப்பின் மேல் நாள்தோறும் கிடக்கும் அடியோட்டில் அழுகல் தொடங்கும். நான் செய்வது இதற்கு நேர்மாறானது. பெட்டியின் நான்கு ஓரங்களிலும், சுவரை ஒட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிக்கு இறங்கவிடுகிறேன். பிறகு கைவிரல்களால் மண்ணைக் கிளறி மேலே கொண்டுவருகிறேன். ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினால், அது உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. உருண்டையை விரலால் தட்டினால் உதிர வேண்டும். அடிமண் அந்தப் பதத்தில் இருந்து, மேல்மண் காய்ந்திருந்தால், அதுவே சரியான நிலை.

குஞ்சுகளின் பெட்டியில் தரைமட்டத்தில் வைக்கப்பட்ட ஈரப்பதமானி 60 முதல் 80 சதவீதம் வரை காட்ட வேண்டும். வளர்ந்த உலர்நில ஆமைகளுக்கு 40 முதல் 60 போதும். ஆனால் அவற்றுக்கும் ஈரப்பாசி நிறைந்த மறைவிடம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். எச்சரிக்கை ஒன்று உண்டு. ஈரத்தைவிட, குளிரோடு சேர்ந்த ஈரமே ஆபத்தானது. ஆமைக்கு உதரவிதானம் கிடையாது என்பதால் அதனால் வலுவாக இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. நுரையீரலில் தொற்று இறங்கிவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். ஈரத்தைக் கூட்டும் நாளில் குளிர்ந்த முனையின் வெப்பத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீரும் உணவும்

அகலமான, உயரம் குறைந்த சுட்ட மண் தட்டு ஒன்றை, அதன் விளிம்பு மண் மட்டத்துக்கு வரும்படி புதைத்துவைக்க வேண்டும். ஆமை நடந்து உள்ளே இறங்கவும் ஏறவும் அது இடம் தரும். தண்ணீர் அதன் தாடைக்கு மேலே போகக் கூடாது. ஆமை உள்ளே நின்றுகொண்டே கழிவையும் விட்டுவிடும் என்பதால் நாள்தோறும் மாற்ற வேண்டும். இதற்கு மேலாக, தனிப்பாத்திரம் ஒன்றில் ஏறத்தாழ 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரை மேலோடும் அடியோடும் சேரும் இடம் வரை ஊற்றி, குஞ்சுகளை நாள்தோறும் 15 முதல் 20 நிமிடமும், வளர்ந்தவற்றை வாரத்துக்கு ஒருமுறையாவதும் அதில் விட வேண்டும். அப்போது அவை வெளியேற்றும் வெண்மையான கழிவைக் கவனியுங்கள். தயிர் போல இளகி இருந்தால் உடலில் நீர் போதுமானது. மணல் போல நெருநெருவென்று இருந்தால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. அதைக் கவனியாமல் விட்டால் சிறுநீர்ப்பையில் கல் உருவாகும்.

உணவு தனியாக எழுத வேண்டிய பொருள். வாழிடத்தோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். உணவை மண்ணின் மேல் வைக்காமல் சொரசொரப்பான தட்டைக்கல்லின் மேல் வைத்தால், மண் வயிற்றுக்குள் போகாது, அலகும் தேயும். மேயும் இனங்களுக்கு நார் மிகுந்த களை இலைகளும் செம்பருத்தி, முசுக்கொட்டை இலைகளும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலும் நல்லவை; பழம் அவற்றுக்கு உகந்ததன்று. செங்கால் ஆமைக்கு மட்டும் பழமும் இயல்பான உணவே. கணவாய் ஓடு ஒன்றைப் பெட்டியிலேயே போட்டுவைத்தால் வேண்டும்போது கொறித்துக்கொள்ளும்.

மறைவிடமும் செடியும்

மறைவிடம் ஒன்று மட்டும் இருந்தால், அது எந்த முனையில் இருக்கிறதோ அந்த வெப்பத்தையே ஆமை பாதுகாப்புக்காக ஏற்க வேண்டிவரும். எனவே சூடான பகுதியின் அருகில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றும் வேண்டும். பாதியாகப் பிளந்த மரக்குற்றியோ, பக்கவாட்டில் பாதி புதைத்த மண் பானையோ போதும். நுழைவாயில் ஆமையின் உயரத்தைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் அது நிம்மதியாக உறங்கும். கனமான கல்லை மண்ணின் மேல் நிறுத்தக் கூடாது. ஆமை அதன் அடியைத் தோண்டும்போது கல் சரிந்து நசுக்கிவிடும். கல்லைப் பெட்டியின் அடிப்பலகையில் நிறுத்திவிட்டுப் பிறகே மண்ணை நிரப்ப வேண்டும்.

பெட்டியின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை முழுவதும் தெரியாதபடி, நடுவே மரக்கட்டை, மேடு, தொட்டியோடு புதைத்த செடி எனப் பார்வையை மறைக்கும் பொருள்களை வைக்க வேண்டும். சுற்றிப்போய்ப் பார்க்க ஏதேனும் இருக்கும் பெட்டியில் ஆமை சுவரைச் சுரண்டுவது வெகுவாகக் குறைவதை நான் கண்டிருக்கிறேன். செடி எதுவாயினும் அது தின்னப்படும் என்று எண்ணியே தேர்ந்தெடுக்க வேண்டும். அரளி, டைஃபன்பேக்கியா, ஃபிலோடென்ட்ரான் ஆகியவை நச்சு. சிலந்திச் செடியும் சப்பாத்திக்கள்ளியும் பாதுகாப்பானவை.

துணை தேவையா

ஆமை தனிமையில் வாடும் என்பது மனிதர்களாகிய நாம் அதன்மேல் ஏற்றும் எண்ணம். இரண்டு ஆமைகளை ஒரே பெட்டியில் விட்டால், ஒன்று மற்றொன்றின் பின்னாலேயே நடப்பதும், அதன் மேல் ஏறி அமர்வதும், விளக்கின் அடியை எப்போதும் ஒன்றே பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் அன்பாகத் தோன்றும், ஆனால் அது விரட்டுதல். சண்டையின் ஒலியே இல்லாமல் ஒன்று வளர்ந்துகொண்டே போகும், மற்றது எடை குறைந்துகொண்டே வரும். இரண்டு வளர்க்க விரும்பினால் இரண்டு பெட்டிகள் அமைக்க வேண்டும். இனங்களைக் கலக்கவே கூடாது. கிரேக்க ஆமை நோயின் அறிகுறியே காட்டாமல் சுமக்கக்கூடிய ஹெர்பிஸ் வைரஸ், ஹெர்மன் ஆமையைக் கொன்றுவிடக்கூடியது. புதிதாக வரும் எந்த ஆமையையும் வேறு அறையில், வேறு பாத்திரங்களுடன், ஆறு மாதமாவது தனித்து வைக்க வேண்டும்.

தூய்மை

கழிவையும் எஞ்சிய உணவையும் நாள்தோறும் எடுத்துவிட்டால் மண் பல மாதம் தாங்கும். ஆமைகள் சால்மோனெல்லா பாக்டீரியாவை நோயின்றியே சுமக்கக்கூடும். அமெரிக்காவில் 10 செ.மீ.க்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனை 1975-இல் தடைசெய்யப்பட்டதற்குக் குழந்தைகளிடம் பரவிய இந்தத் தொற்றே காரணம். தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். ஆமையின் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பார்க்க மட்டும் அனுமதியுங்கள்.

ஆமையை உள்ளே விடும் முன்னும் பின்னும்

பெட்டி தயாரானதும் அன்றே ஆமையை விட்டுவிட வேண்டாம். விளக்குகளை டைமரில் ஓடவிட்டு, மூன்று நாள் வெறும் பெட்டியை அளந்து பாருங்கள். காலை விளக்கு எரிந்து ஒரு மணி நேரத்துக்குப் பின், நண்பகலில், விளக்கு அணைவதற்குச் சற்று முன், பிறகு விடியற்காலையில் என நான்கு வேளையும், வெயில் காயும் இடம், நடுப்பகுதி, குளிர்ந்த முனை ஆகிய மூன்று இடங்களிலும் ஓட்டின் உயரத்தில் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் அமைத்த பெட்டியைக் குளிர்காலத்தில் மறுபடியும் இப்படியே அளக்க வேண்டும். அறையின் வெப்பம் மாறினால் பெட்டியின் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

விட்ட முதல் வாரத்தில் ஆமை புதைந்தே கிடந்தாலும் கவலைப்பட வேண்டாம், ஆனால் அதைத் தோண்டி எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் ஒரே நாளில், தண்ணீரில் விடுவதற்கு முன், கிராம் காட்டும் தராசில் நிறுத்து எடையைக் குறித்துவையுங்கள். அமைப்பு சரியாக இருக்கிறது என்றால், விளக்கு எரிந்ததும் ஆமை மண்ணிலிருந்து வெளிவந்து, காயும் இடத்துக்குச் சென்று, கழுத்தையும் கால்களையும் முழுவதும் நீட்டிப் படுத்துக்கொள்ளும். உடல் சூடேறியதும் எழுந்து உணவைத் தேடும். நண்பகலில் நிழலுக்குச் செல்லும். நாள் முழுவதும் விளக்கின் அடியிலேயே கிடந்தால் வெப்பம் குறைவு, ஒருபோதும் அங்கே போகவில்லை என்றால் மிகுதி. மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்து மூச்சுவிடுதல், வீங்கிய கண், அழுத்தினால் அமுங்கும் ஓடு, தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் இறங்கும் எடை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால், விளக்கைத் திருத்துவதோடு நிறுத்தாமல், ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் உங்கள் அளவுக் குறிப்புகளையும் எடைக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள்.